ஆங்கிலத்தில் ‘இருக்கலாம்’ என்பதற்கு ஏன் ‘தேர் மே பி’?

ஒன்று இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல ஆங்கிலத்தில் ‘தேர் இஸ்’ அல்லது ‘தேர் ஆர்’ என்று தொடங்குகிறோம். ‘இருக்கலாம்’ என்னும்போது அது ‘தேர் மே பி’ ஆகிவிடுகிறது. இந்த மாற்றம் ஏன் என்பதே பலருடைய ஐயம்.

ஆங்கிலச் செய்தி வாக்கியத்தில் வினைக்கு முன் எழுவாயின் இடம் பொதுவாகக் காலியாக இருக்கக்கூடாது. செங்கோட்டையில் புனலூர் பேருந்து வந்து நின்றதும் சன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்தத் துண்டின் வேலையைத்தான் ‘தேர்’ செய்கிறது. சொல்ல வந்த பொருள் பின்னால் வருகிறது. ‘மே’, ‘மைட்’, ‘மஸ்ட்’ போன்ற துணைவினைகளை அடுத்து வரும் வினை அடிப்படை வடிவிலேயே நிற்கும் என்பதால், ஆரியங்காவு மலைச்சாலையில் ஒரு யானை நின்றாலும் பத்து நின்றாலும் ‘தேர் மே பி’ மாறாது.

உறுதியின் அளவுதான் உண்மையில் கவனிக்கத்தக்கது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதோ என்று எண்ணுபவர் ‘தேர் மே பி அன் எலிஃபன்ட்’ என்பார். சாலையில் ஆவி பறக்கும் யானைச் சாணத்தைக் கண்டவரோ, அருகில் யானை இருந்தே தீரும் என்ற பொருளில் ‘தேர் மஸ்ட் பி’ என்பார். ‘தேர் கேன் பி’ என்பது அந்தச் சாலையில் யானை வருவதுண்டு என்ற பொதுச் செய்தி மட்டுமே.

‘தேர் மைட் பி’ என்றால் ‘இருந்திருக்கலாம்’ என்று பலர் கருதுகிறார்கள். அது இப்போதைய நிலையையே சற்றுக் குறைந்த உறுதியோடு சொல்வது, ‘இருந்திருக்கலாம்’ என்பதற்கு ‘தேர் மைட் ஹேவ் பீன்’ என்றே எழுத வேண்டும்.