குடி, தூக்க மாத்திரை, வலி மாத்திரை ஊசி: வீட்டில் ஒரு வாரம் பூட்டி வைத்தால் நின்றுவிடுமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான். அண்ணன் பல வருடமாகத் தினமும் குடிக்கிறார். தூக்கம் வராமல் மாத்திரையும் போட ஆரம்பித்திருக்கிறார். "மாடி ரூமில் ஒரு வாரம் பூட்டிப் போடுங்கள், தானாக நிற்கும்" என்கிறார் தாய்மாமா. செய்யலாமா? அதோடு, வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் தம்பிக்கும் (சித்தி மகன்) இதே வழி சரிவருமா என்றும் கேட்டிருக்கிறார்.

இரண்டு பேருக்குமே வேண்டாம். ஆனால் காரணம் ஒன்றல்ல. அண்ணனுக்கு ஆபத்து பூட்டிய அறைக்குள்ளேயே இருக்கிறது. தம்பிக்கு ஆபத்து கதவைத் திறந்து வெளியே விட்ட பிறகு வருகிறது. அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இப்படிப் பூட்டி வைத்துவிட்டு மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடிவரும் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எல்லோரும் பாசத்தில் செய்தவர்கள்தான். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அண்ணன் விஷயம். மது மூளையை மந்தப்படுத்தும் பொருள். மூளையில் வேகத்தை அடக்குவதற்கு காபா என்றும், தூண்டிவிடுவதற்கு குளுட்டமேட் என்றும் ரசாயனங்கள் இருக்கின்றன. மது முதலாவதற்கு வலுவூட்டி, இரண்டாவதைத் தடுக்கிறது. தினமும் இப்படி அடக்கிக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. ஈடுகட்டுவதற்காகத் தன் தூண்டலை ஏற்றி வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் மதுவைச் சட்டென்று நிறுத்தினால், அடக்க ஆளில்லாமல் அந்தத் தூண்டல் மட்டும் மிச்சமிருக்கும். கைநடுக்கமும் வலிப்பும் அதிலிருந்து வருபவைதான்.

கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், படபடப்பாக இருக்கும், தூக்கம் வராது. இதை எல்லாக் குடும்பங்களும் பார்த்திருப்பார்கள். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இதற்கு முன் வலிப்பே வராதவருக்கும் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இன்னொன்று வரலாம். மருத்துவத்தில் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். நம் பக்கம் 'சன்னி கண்டிருச்சு' என்று சொல்வதுண்டு. தேதி தெரியாது, இடம் தெரியாது. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். செத்துப்போன அப்பா வாசலில் நிற்கிறார் என்பார். லாரி ஓட்டுகிறவர் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்புவார், தையல்காரர் இல்லாத ஊசியில் நூல் கோப்பார். காய்ச்சல் ஏறும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் கண்டபடி ஏறும். சரியான மருந்துகள் இல்லாத காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள். இன்று மருத்துவமனையில் வைத்துப் பார்த்தால் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே. இந்த வித்தியாசம் முழுக்க, மருந்து கிடைக்கிறதா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. பூட்டிய அறையில் அது கிடைக்காது.

இதில் குடும்பத்தை ஏமாற்றுவது அந்த நாள் கணக்குதான். முதல் நாள் கத்திவிட்டு, இரண்டாம் நாள் ஓரளவு அடங்கியது போல இருப்பார். 'பரவாயில்லை, தேறிவிட்டார்' என்று நினைக்கும்போது அன்று ராத்திரி உளற ஆரம்பிப்பார். பேய் பிடித்துவிட்டது, யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அதில் இன்னும் ஒன்றிரண்டு நாள் போய்விடும். மந்திரிப்பதைக் குறை சொல்லவில்லை. மருத்துவமனைக்கு வந்துவிட்டு அதையும் செய்யுங்கள் என்றுதான் வீட்டாரிடம் சொல்வேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து டாஸ்மாக் கடைகளை ஒரே நாளில் மூடினார்களே, அப்போது இது பெரிய அளவிலேயே நடந்தது. வலிப்போடும் சன்னியோடும் வந்தவர்கள் கூடியதை பெங்களூரு மருத்துவமனைகள் ஆய்வாகவே பதிவு செய்திருக்கின்றன. ஊரடங்கு இல்லாவிட்டாலும் எங்களுக்குக் கார்த்திகை மாதம் இருக்கிறது. மாலை போட்ட அன்றோடு குடியை விட்டவர்கள் இரண்டு மூன்று நாளில் வந்து சேர்வார்கள். மாலை போடுவது நல்ல ஆரம்பம், அந்த மன உறுதிக்கு நான் தலைவணங்குகிறேன். தினமும் காலையில் எழுந்ததும் குடிக்காமல் கை நிற்காது என்ற நிலையில் இருப்பவர், மாலை போடுவதற்கு முன்பே ஒரு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

வார்டில் என்ன செய்வோம் என்று தெரிந்தால் பயம் குறையும். குளோர்டயாசிபாக்சைடு, டயசிபாம், கல்லீரல் கெட்டிருந்தால் லோரசிபாம் போன்ற மருந்துகளை முதலில் போதுமான அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துவோம். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1, ஊசியாகப் போகும். குடிப்பவர்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதிலிருந்தும் இந்தச் சத்து உடம்பில் சேராது. பலவீனமாக இருக்கிறாரே என்று பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச தயமினும் அந்தச் சர்க்கரையை எரிக்கவே செலவாகிவிடும். அப்போது நடை தள்ளாடும், கண் ஒரு பக்கம் இழுக்கும், புத்தி குழம்பும். அதற்கு வெர்னிக்கி என்று பெயர். விட்டுவிட்டால் நினைவாற்றலே நிரந்தரமாகப் போகலாம். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று சொல்லத் தெரியாத நாற்பது வயதுக்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் பேச எனக்கு இன்னும் வார்த்தை கிடைப்பதில்லை. டிரிப்ஸ் ஏற்றப் போகும் இடத்தில் "தயமின் போட்டுவிட்டீர்களா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், ஒரே வாரத்தில் குடி நிற்கும்' என்று பொடி விற்கிறார்கள். இப்படிக் கலந்து கொடுப்பதில் பல நேரம் இருப்பது டைசல்பிராம். மருத்துவர்கள் தருகிற முறையான மருந்துதான் அது, ஆனால் சாப்பிடுகிறவர் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டியது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். தெரியாமல் கொடுத்தால் அவர் கட்டாயம் குடிப்பார். தயவுசெய்து அந்தப் பொடி வேண்டாம்.

தூக்க மாத்திரையும் இதே கதைதான். அல்ப்ரசோலம், நைட்ரசிபாம் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டவர் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க முடியும். மதுவோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் சேர்ந்து மூச்சையும் அடக்கும். உங்கள் அண்ணனுக்கு இரண்டும் இருப்பதால் எனக்கு இரட்டைக் கவலை.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். இப்போது இளைஞர்களிடம் அதிகம் பார்ப்பது டபென்டடால். கடுமையான வலிக்கு மருத்துவர் சீட்டோடு மட்டும் தர வேண்டிய மாத்திரை, மார்ஃபின் வேலை செய்யும் அதே இடத்தில்தான் இதுவும் வேலை செய்கிறது. 2018இல் டிராமடால் என்ற இன்னொரு வலி மாத்திரையைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு, டபென்டடாலின் பக்கம் பலர் திரும்பினார்கள். கடையில் விற்கிற மாத்திரைதானே, கஞ்சா மாதிரி இல்லையே என்று பையன்கள் உண்மையிலேயே நம்புகிறார்கள். மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை. டால்க், மாவு, செல்லுலோஸ் என்று உருட்டுவதற்குச் சேர்த்த பொருட்களும் இருக்கின்றன. அவை தண்ணீரில் முழுதாகக் கரையாது. ரத்தத்தில் ஏற்றினால் நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் போய் அடைக்கும். ஊசி ஏற்றும் ரத்தக்குழாய் கல்லாக இறுகும், கையில் சீழ்க்கட்டி வரும், கிருமி ரத்தத்தோடு போய் இதய வால்வில் உட்காரும். ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றிக்கொண்டால் எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் வரும். பரிசோதனை செய்துவிடுங்கள்; ஹெபடைட்டிஸ் சி-யைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணப்படுத்திவிடலாம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அதை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள்.

இந்த வகை மாத்திரையை நிறுத்தினால் மூக்கில் தண்ணீர் கொட்டும், கொட்டாவி வரும், உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறியும், வயிற்றைப் பிசையும், பேதி போகும், எலும்பெல்லாம் வலிக்கும். இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருந்து, ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். தண்ணீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் இதனால் மட்டும் உயிர் போவது அரிது. அதனால்தான் பூட்டி வைத்த குடும்பங்கள் 'ஜெயித்துவிட்டோம்' என்று நினைக்கின்றன. பையன் குளித்து, சாப்பிட்டு, முகம் தெளிந்து நிற்பான்.

அந்த ஒரு வாரத்தில் அவன் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். ஆசை மட்டும் அப்படியே இருக்கும். வெளியே வந்ததும் பழைய கூட்டாளி, பழைய அளவு, ஒரே ஒரு தடவை. முன்பு சாதாரணமாகத் தாங்கிய அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடும். சிறையிலிருந்து வெளிவந்த முதல் வாரங்களிலும், மறுவாழ்வு மையத்திலிருந்து வந்த முதல் வாரங்களிலும் இந்த மரணங்கள் கூடுதல் என்பது உலகம் முழுக்கப் பார்த்த உண்மை. உடம்பைச் சுத்தம் செய்துவிட்டு அதன்பிறகு ஒன்றும் செய்யாமல் விடுவதை நான் மிகவும் அஞ்சுகிறேன்.

அதற்கு மருந்து இருக்கிறது. பியூபிரனார்ஃபின், நாக்கின் அடியில் வைப்பது. ஏக்கத்தை அடக்கும், ஓர் அளவுக்கு மேல் மூச்சை அமுக்காது. ஊசிப் பழக்கம் உள்ளவர்களுக்கு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் இலவசமாகத் தருகிறார்கள். 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?' என்று அப்பாக்கள் கோபப்படுவார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மருந்தில் தொடர்ந்து இருப்பவர்கள் சாவது குறைகிறது, ஊசி போடுவதும் குறைகிறது. எவ்வளவு காலம் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், நிறுத்து நிறுத்து என்று வீட்டில் அவசரப்படுத்தாதீர்கள்.

அப்புறம், இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எழுப்பினால் எழவில்லை, கண்மணி குண்டூசி முனை போல் சுருங்கியிருக்கிறது, மூச்சு மெதுவாக விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலமாகிறது, தொண்டையில் கரகரவென்று சத்தம் என்றால் 'நன்றாகத் தூங்குகிறான்' என்று விடாதீர்கள். 108ஐ அழையுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் ஊற்றாதீர்கள், என்ன போட்டான் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இதன் விளைவை முறிக்க நலாக்சோன் என்ற மருந்து இருக்கிறது, நேரத்துக்குப் போனால் மூச்சு திரும்பும்.

கஞ்சாவை நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை ஒன்றிரண்டு வாரம் இருக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் காதில் குரல் கேட்கிறது, எல்லோரும் என்னைக் கவனிக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் தாமதிக்காதீர்கள். பதின்ம வயதில் தொடங்கியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். மெத் (மெத்தாம்பெட்டமின் என்ற, மூளையைத் தூண்டும் போதைப்பொருள்) நிறுத்தியவர் நாள் முழுக்கத் தூங்குவார், விழித்தால் மனம் பாதாளத்தில் கிடக்கும். தற்கொலை எண்ணம் வரும் நேரம் அது, தனி அறையில் பூட்டவே கூடாது.

பூட்டுவதைப் பற்றி இன்னும் ஒன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்து இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது. மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநலப் பாதிப்புகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. அடித்துத் திருத்துகிறோம் என்று சொல்லும் மையம் எதுவானாலும் வேண்டாம். பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் வருகிறாரா, நீங்கள் போய்ப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். போலீஸ் பயத்தில் தம்பியை மறைத்து வைக்கவும் வேண்டாம். சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தாலும், தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு போதைப்பொருள் சட்டமான என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

2019இல் வெளியான தேசிய ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஓர் உதவி கிடைத்திருந்தது. உங்கள் அண்ணன் அந்த ஒருவராக இருக்கட்டும்.

இன்றைக்கு என்ன செய்வது? நாளையோ மறுநாளோதான் மருத்துவமனைக்குப் போக முடியும் என்றால், அதுவரை அவரிடமிருந்து பாட்டிலை முழுதாகப் பிடுங்காதீர்கள். எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அதுதான் பாதுகாப்பு. வழக்கத்தைவிடக் கூடாமல் மட்டும் பாருங்கள், சாப்பிட வையுங்கள், வண்டிச் சாவியை வாங்கி வையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மனநலப் பிரிவு புறநோயாளிச் சீட்டு போடுங்கள். நடுக்கம் அதிகமாகி உளறல் தொடங்கினாலோ வலிப்பு வந்தாலோ காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா என்று எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். தலையணைக்கு அடியிலிருக்கும் காலி மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள். யாரிடமாவது முதலில் பேச வேண்டும் என்றால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 மனநல உதவி எண். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.