கடைசி நொடியில் கேட்டால் ஏலம் கிடைக்குமா?

பாம்பனிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: பழைய படகு இன்ஜினை ஆன்லைன் ஏலத்தில் எடுக்கக் கடைசி நொடிவரை காத்திருக்கலாமா?

ஈபே என்ற வெளிநாட்டு ஏலத் தளத்தில் காத்திருக்கலாம். அங்கே முடியும் நேரம் மாறாது. நீங்கள் தரக்கூடிய உச்ச விலையைப் போட்டுவிட்டால், தளமே எதிராளியைவிட ஒரு படி மட்டும் கூட்டிக் கேட்கும். நம் நாட்டு வங்கி, அரசு ஏலங்களில் பெரும்பாலும் கடைசி நிமிடங்களில் யாராவது கேட்டால் நேரம் நீளும். கரையில் மீன் ஏலம் மாதிரிதான், எதிர்க்குரல் அடங்கினால்தான் முடியும்.

அதைவிட முக்கியம், பொருளை நேரில் பாருங்கள் தம்பி. ‘உள்ளது உள்ளபடி’ என்றுதான் விற்பார்கள். தண்ணீர் ஓடும் துவாரங்களில் உப்பு வெள்ளையாகக் கட்டியிருந்தால் செலவு காத்திருக்கிறது. அதையும் லாரி வாடகையையும் கழித்து உச்ச விலையை முதலிலேயே எழுதிவையுங்கள். வங்கி, அரசு ஏலங்களில் ஜெயித்தபின் பின்வாங்கினால், கலந்துகொள்ளக் கட்டிய முன்பணம் போய்விடும்.