யாழ்ப்பாணத்தில் ஐந்து மாடிக் கட்டடத்தின் பூமியதிர்ச்சிப் பகுப்பாய்வுக்கு, 1940 இல் கலிபோர்னியாவில் எடுக்கப்பட்ட எல் சென்ரோ நில அதிர்வுப் பதிவு ஒன்றே போதுமா?

போதாது. நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அந்த வயதில் இதே பிழையை நானும் விட்டிருக்கிறேன்.

கொக்குவிலில் 15 மீற்றர் உயரக் கட்டடம் ஒன்றுக்காக, கைக்கெட்டிய 1940 எல் சென்ரோ பதிவை எடுத்து, அதன் ஏறத்தாழ 0.35 ஜீ (ஜீ என்பது புவியீர்ப்பு ஆர்முடுகல்) உச்ச ஆர்முடுகல் 0.1 ஜீ ஆகும்படி 0.29 ஆல் பெருக்கி, அறிக்கையையும் கொடுத்துவிட்டேன். மூத்த பொறியியலாளர் அதைப் புரட்டிவிட்டு, "தம்பி, உம்மட கட்டடம் கலிபோர்னியாவிலயோ நிக்குது?" என்றார். பிறகு அறிக்கையின் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு வளைகோடுகள் கீறினார்: ஒன்று விதிக்கோவையின் நிறமாலை, அதாவது வெவ்வேறு அலைவுகாலமுள்ள கட்டடங்களுக்கு எவ்வளவு ஆர்முடுகலை எதிர்பார்க்க வேண்டும் என்பது; மற்றையது என் பதிவின் துலங்கல் நிறமாலை, அதாவது அந்தப் பதிவு அவற்றுக்குத் தரும் ஆர்முடுகல். அவை அலைவுகாலம் பூச்சியமாகும் இடத்தில் மட்டுமே தொட்டன. என் கட்டடத்தின் அலைவுகாலமோ, அதாவது அது ஒருமுறை முன்னும் பின்னும் ஆட எடுக்கும் நேரமோ, 0.57 செக்கன்.

யூரோகோட் 8 என்ற ஐரோப்பியப் பூமியதிர்ச்சி விதிக்கோவையின் 2004 பதிப்பு குறைந்தது மூன்று பதிவுகளைக் கேட்கிறது. ஏழு இருந்தால்தான் விளைவுகளின் சராசரியை எடுக்கலாம், இல்லையேல் மிகப் பாதகமானதையே எடுக்க வேண்டும். அவற்றின் சராசரி நிறமாலை, அலைவுகாலத்தின் 0.2 மடங்கிலிருந்து 2 மடங்கு வரை, அதாவது இங்கே 0.11 முதல் 1.14 செக்கன் வரை, விதிக்கோவையின் நிறமாலையின் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்கு முன்னர், பூமியதிர்ச்சியின் அளவு, தூரம், நிலத்தின் தன்மை ஆகியவற்றால் பதிவுகளை வடிகட்ட வேண்டும். எல் சென்ரோ நிலையம் ஆழமான வண்டலில், புவித்தட்டுகளின் எல்லையருகே இருந்தது. நம்முடையது தட்டின் நடுப்பகுதி, செம்மண்ணுக்குச் சற்றுக் கீழேயே சுண்ணாம்புக்கல்.

"யாழ்ப்பாணத்தில் பூமியதிர்ச்சியா?" என்று சிரிப்பவர்களுக்கு: நாளையே வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1993 இல் இந்தியாவின் மகாராட்டிரத்து லாத்தூரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற அதிர்ச்சியும், அசையாதது என நம்பப்பட்ட தக்காணத்தின் நடுவில்தான் நிகழ்ந்தது.

பதிவை விட எனக்கு அலுப்புத் தந்தது மண் பரிசோதனை. சுண்ணாம்புக்கல் கரைந்து இயற்கையாக உண்டான ஆழமான நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவருக்குச் சுண்ணாம்புக்கல்லின் அடியில் என்ன குகை இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. மூன்று இடங்களில் துளையிடக் கேட்டேன். உரிமையாளர், "பக்கத்து வளவில கிணறு வெட்டேக்க கல்லுத்தானே வந்தது" என்று சொல்லி ஒன்றோடு நிறுத்திவிட்டார்.