அந்தப் பையனிடம் யாராவது கேட்டார்களா?

இந்த மாதம் வந்த தபாலில் அறம், நெறி பற்றிய கேள்விகளே நிறைய. முப்பது வருஷம் கல்லூரியில் தத்துவம் நடத்தியவனுக்கு அல்வா மாதிரி. ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சட்டத்தை மீறாமல் இருந்தால் போதாதா சார்? ஒழுக்கம் என்று தனியாக எதற்கு?
– வாசகர், நாமக்கல்

போதாது. நண்பர் உங்களை நம்பிச் சொன்ன குடும்ப ரகசியத்தை டீக்கடையில் வைத்து அவிழ்த்துவிட்டால் எந்தப் போலீஸும் உங்களைத் தேடி வராது. ஆனாலும் மறுநாள் அவர் முகத்தைப் பார்க்க முடியுமா? மறுபக்கம், பந்தியில் இடது கையால் பரிமாறினால் நாலு பேர் முகம் சுளிப்பார்கள். அது நாகரிகக் குறைவு, பாவம் ஒன்றும் இல்லை. இரண்டிலிருந்தும் அறத்தைப் பிரித்துப் பார்க்க நான் வகுப்பில் சொல்வது நம் பழமொழிதான்: மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எனக்கு ஒரு அளவுகோல், உனக்கு ஒரு அளவுகோல் என்று ஆன அந்த நிமிஷமே அது அறத்தின் அளவுகோலாக இல்லாமல் போய்விடுகிறது. ஜெர்மானியரான இம்மானுவேல் காண்ட் 1785-இல் ஒரு புத்தகம் முழுக்க மல்லுக்கட்டியது இந்த மாமியாரோடுதான் என்பேன்.

ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறது. அப்படியானால் பொது அறம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்?
– வாசகி, புதுச்சேரி

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதை சொல்கிறார். பாரசீக மன்னர் டேரியஸ் தன் அவையில் இருந்த கிரேக்கர்களிடம், “எவ்வளவு பணம் கொடுத்தால் செத்துப்போன அப்பாவைத் தின்பீர்கள்?” என்று கேட்டார். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். பெற்றோரின் உடலைத் தின்னும் வழக்கம் உடையவர்களாக ஹெரோடோட்டஸ் சொல்லும் கல்லாத்தியர் என்ற இந்தியக் கூட்டத்தாரிடம், “எவ்வளவு கொடுத்தால் எரிப்பீர்கள்?” என்றார். அவர்கள் அலறிவிட்டார்கள். வழக்கமே ராஜா என்று கதையை முடிக்கிறார் ஹெரோடோட்டஸ். எனக்கோ வேறொன்று கண்ணில் படுகிறது. இரண்டு கூட்டமும் பதறியது ஒரே விஷயத்துக்குத்தான், அப்பாவை அவமதிக்கக் கூடாது.

ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைக் கொல்லலாம், கணக்குப்படி அதுதான் சரி என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். பதில் சொல்லத் தெரியவில்லை.
– வாசகர், விருதுநகர்

அவனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கற்பனை இல்லை, நடந்தது.

1884 மே மாதம் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்கு மின்யோனெட் என்ற சிறிய படகு கிளம்பியது. கேப்டன் டட்லி, அவருக்கு அடுத்த நிலையில் ஸ்டீபன்ஸ், மாலுமி புரூக்ஸ், எடுபிடி வேலைக்கு ரிச்சர்ட் பார்க்கர் என்ற 17 வயதுப் பையன். ஜூலை 5-ஆம் தேதி தெற்கு அட்லாண்டிக்கில் படகு மூழ்கியது. நாலு பேரும் ஒரு சின்ன ஓடத்தில் தப்பினார்கள். கையில் இரண்டு டின் டர்னிப் கிழங்கு. குடிக்கத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. நடுவில் ஒரு ஆமை அகப்பட்டது, அதுவும் தீர்ந்தது. பையன் கடல் தண்ணீரைக் குடித்து மயங்கிக் கிடந்தான். இருபதாவது நாள் வாக்கில் டட்லி ஒரு பிரார்த்தனையைச் சொல்லிவிட்டு, அவனைக் கொன்றார். ஸ்டீபன்ஸ் சம்மதித்தார். புரூக்ஸ் சம்மதிக்கவில்லை, ஆனால் சாப்பிட்டார். சில நாள் கழித்து ஒரு ஜெர்மன் கப்பல் மூவரையும் மீட்டது.

ஒருவர் செத்தார், மூவர் பிழைத்தார்கள். அதோடு டட்லிக்கும் ஸ்டீபன்ஸுக்கும் மனைவி, குழந்தைகள் உண்டு, பார்க்கர் அநாதை. உங்கள் மகனின் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஊர் மக்களின் அனுதாபமும் டட்லி பக்கம்தான். அவர் எதையும் மறைக்கவில்லை, கரையிறங்கியதும் நடந்ததைத் தானே சொன்னார். குணத்தை வைத்து மனிதனை எடைபோடும் அரிஸ்டாட்டில் அந்த நேர்மையைக் குறித்துக்கொண்டிருப்பார்.

கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. டிசம்பரில் தீர்ப்புச் சொன்ன நீதிபதி கோல்ரிட்ஜ் பிரபு, இருப்பதிலேயே சின்னவனை, எதிர்க்கத் திராணியற்றவனைத் தேர்ந்தெடுத்தீர்களே, பெரியவர்களில் ஒருவரைக் கொல்வதைவிட அவனைக் கொல்வதில் அப்படி என்ன அவசியம் என்று கேட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

நான் நிற்கும் இடம் அந்தக் கேள்விதான். சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாம் என்று முதலில் பேச்சு எழுந்தது; கடைசியில் குலுக்கவில்லை. பையனிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் மிஞ்சுகிற பக்கத்தில் இருந்தார்கள். மகனிடம் கேளுங்கள்: அந்த ஓடத்தில் நீ யார்?

பயனே அறம் என்று சொன்ன பெந்தம் செத்த பிறகும் லண்டன் கல்லூரி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறாராமே?
– வாசகர், சேலம்

ஆமாம், யுனிவர்சிட்டி காலேஜில். 1832-இல் இறக்கும்போது, உடலை மாணவர்கள் அறுத்துப் பார்த்துப் படிக்கட்டும், எலும்புக்கூட்டுக்கு என் உடையை மாட்டி வையுங்கள் என்று எழுதிவைத்தார். தலை மட்டும் மெழுகு. செத்தும் உபயோகப்பட வேண்டும் என்பதில் ஆள் கறார்.

நோயாளியிடம் உண்மையை மறைப்பது தப்பா? வள்ளுவரே பொய் சொல்லலாம் என்கிறாரே.
– வாசகி, திருநெல்வேலி

காண்ட் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. கொலைகாரன் வந்து, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதினார். எனக்கும் அது தொண்டையில் இறங்கியதில்லை. வள்ளுவர் இளகியவர்; நன்மை பயக்குமானால் பொய்யும் உண்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார். ஆனால் மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒரு சொல்லை விழுங்கிவிடுகிறார்கள்: “புரைதீர்ந்த” நன்மை. குற்றமே இல்லாத நன்மை. அது எத்தனை பொய்களுக்குத் தேறும்?

என் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் நாங்கள் அவளிடம் வயிற்றுப்புண் என்று சொன்னோம். ரிப்போர்ட்டையெல்லாம் அண்ணன் ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பரண்மேல் வைத்தார். “நிம்மதியா இருக்காள்ல, அது போதும்டா” என்பார். நான் பகலில் காண்ட் நடத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து வயிற்றுப்புண் கதையைத் தொடர்வேன்.

அம்மா போன பிறகு பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். முதல் வாரமே அம்மாவுக்குத் தெரியுமாம். “புள்ளைங்க எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க, நீ காட்டிக்காத” என்றாளாம். அவளும் எங்களை நிம்மதியாக வைத்திருந்திருக்கிறாள். சரி, கணக்கு நேர் என்று சில நாள் தேற்றிக்கொண்டேன்.

அப்புறம்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. வைகாசியில் ஒருநாள், செங்கோட்டைக்குப் போய்த் தன் அக்காவைப் பார்த்துவிட்டு வரணும் என்று கேட்டாள். “உடம்பு தேறட்டும்மா, ஆடி கழிச்சுப் போகலாம்” என்றேன். வேறென்ன சொல்ல முடியும், வயிற்றுப்புண்தானே? அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றாள். மறுபடி கேட்கவில்லை. ஆனியிலேயே போய்விட்டாள்.