கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவர் புரோகிராமிங் கற்க எங்கிருந்து தொடங்கலாம்? டெர்மினல் தெரிந்தே ஆக வேண்டுமா?

கேட்டவர் திருவாரூர்ப் பக்கம் பி.காம் படிக்கிறார், பள்ளிப்படிப்பு தமிழ் வழி. வீடியோ பார்த்துப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைத் தொடங்கியிருக்கிறார். கட்டளைகளை டைப் செய்து கம்ப்யூட்டரை வேலை வாங்கும் டெர்மினல் என்ற கருப்புத் திரை வந்ததும் பயந்து நிறுத்திவிட்டாராம்.

தெரிந்தே ஆக வேண்டும். என்னைக் கேட்டால் பைத்தானுக்கு முன்பே அதைப் பழகிவிடுங்கள். மன்னார்குடியில் சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்பத்தில் அவர்கள் முட்டி நிற்பது பெரும்பாலும் லூப்பிலோ ஃபங்ஷனிலோ இல்லை. புரோகிராம் சரியாகத்தான் இருக்கும், ஃபைல் வேறு ஃபோல்டரில் கிடக்கும். 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி', அதாவது அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்லை என்று திரையில் வந்ததுமே, 'இதெல்லாம் நமக்கு ஏறாது' என்று எழுந்துவிடுகிறார்கள். நல்ல மூளை உள்ள பிள்ளைகள் இப்படி விலகிப்போவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை.

அதனால் முதலில் பாத், அதாவது ஒரு ஃபைல் இருக்கும் இடத்தின் முகவரி, என்றால் என்ன என்று புரிய வேண்டும். ஆன்லைனில் சிட்டா எடுத்திருப்பீர்கள். மாவட்டம், வட்டம், கிராமம், அதற்கப்புறம்தான் சர்வே எண். 112 என்று மட்டும் சொன்னால் எந்த நிலம் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துக் கிராமத்திலும் ஒரு 112 இருக்கும். அந்த ஊர் வி.ஏ.ஓ. ஆபீசுக்குள் நின்றுகொண்டு சொன்னால் 112 மட்டுமே போதும். கம்ப்யூட்டரிலும் அதேதான். மேலிருந்து முழுசாகச் சொல்வது அப்சல்யூட் பாத், நிற்கிற இடத்திலிருந்து சொல்வது ரிலேட்டிவ் பாத். விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் 'பிடபிள்யூடி' என்று அடித்தால் நீங்கள் நிற்கிற ஃபோல்டரைச் சொல்லும், 'எல்எஸ்' அங்கே என்னென்ன இருக்கிறது என்று காட்டும், 'சிடி' வேறு ஃபோல்டருக்குக் கொண்டுபோகும். முதல் வாரத்துக்கு இந்த மூன்றும் போதும்.

எதில் பழகுவது? 2011இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸ் வகையும் இருந்தது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது அது. அண்ணனோ அக்காவோ வாங்கியது வீட்டில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் ஆப் போட்டும் பழகலாம்.

புதியவர்களைக் கலங்கவைக்கும் சில விஷயங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது பெரும்பாலும் திரையில் ஒன்றுமே தெரியாது, கீபோர்டு கெட்டுப்போகவில்லை. ஒரு ஃபைலைக் காப்பி செய்தால் 'ஆயிற்று' என்று பதில் வராது. பேசாமல் இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். 'ஆர்எம்' கட்டளையால் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். ஆங்கிலம் வராதே என்ற கவலையும் வேண்டாம். தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வருவது ஒரு கை எண்ணிக்கைப் பிழைச் செய்திகள்தான். ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தமிழில் நோட்டில் எழுதிவையுங்கள்.

சரி, உண்மையான வேலை ஒன்று செய்து பார்ப்போம். டெல்டாவில், வழக்கமாக மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் வீட்டுக்கு வீடு மேட்டூர்ப் பேச்சுதான். அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு எல்லாம் தினமும் செய்தியில் வரும். நாளுக்கு ஒரு வரி, நடுவில் கமா போட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேர்த்துவையுங்கள்: முதலில் தேதி, இரண்டாவதாக நீர்மட்டம். இதில் அதிகபட்ச நீர்மட்டம் எது என்று பார்க்க வேண்டும். கமாவால் பிரி, இரண்டாவதை எடு என்று சொன்னால் 'கட்' கட்டளை நீர்மட்டத்தை மட்டும் எடுத்துத் தரும், 'சார்ட்' வரிசைப்படுத்தும், ஒரு வரி போதும் என்று சொன்னால் 'டெயில்' கடைசி வரியை மட்டும் காட்டும். மூன்றையும் ஒரே வரியில், இடையே நெட்டுக்கோடு போட்டு எழுதலாம். ஒன்றின் அவுட்புட் அடுத்ததற்கு இன்புட் ஆகிவிடும். இதன் பெயர் பைப். டக் மெக்கில்ராயின் யோசனை. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் 1973இல் சேர்ந்தது, இன்றைக்கும் அப்படியே வேலை செய்கிறது.

அணையின் முழு மட்டம் 120 அடி. உங்கள் ஃபைலில் 120.00 இருக்கிறது, 99.50 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்னபடி ஓட்டினால் அதிகபட்சம் 99.50 என்று வரும்! 'சார்ட்' அவற்றை எண்ணாகப் பார்க்கவில்லை, எழுத்தாகப் பார்த்தது. அகராதி வரிசையில் 1க்குப் பிறகுதானே 9. 'சார்ட்' பக்கத்தில் ஒரு ஹைஃபனும் 'என்' எழுத்தும் சேர்த்தால் எண்ணாக ஒப்பிடும், 120.00 கீழே இறங்கும். டேட்டா டைப், அதாவது ஒரு தகவல் எண்ணா எழுத்தா என்ற வகை, என்று புத்தகத்தில் பக்கம் பக்கமாக வருவது இதுதான். புத்தகத்தை விட இப்படித் தப்பான விடை ஒன்றைக் கண்ணால் பார்த்தால் சட்டென்று பிடிபடும், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

அந்த ஒற்றை வரியையே ஒரு ஃபைலில் சேமித்து, கட்டளைகளை ஓட்டித்தரும் 'பாஷ்' என்பதை அடித்து, பக்கத்தில் ஃபைல் பெயரைக் கொடுத்து ஓட்டுங்கள். நீங்கள் எழுதிய முதல் புரோகிராம் அது. அப்புறம் பைத்தானுக்குத் திரும்பி, அதே மேட்டூர் ஃபைலைத் திறந்து அதே அதிகபட்சத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கேயும் ஃபைலிலிருந்து படித்தது எழுத்தாகத்தான் வரும். 'ஃப்ளோட்' போட்டு எண்ணாக மாற்றவில்லை என்றால் மறுபடியும் 99.50தான் வரும்.