பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தாராளமாக நில்லுங்கள்

சகோதரி, மகள் படிக்கும் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு நிற்க ஆசை, ஆனால் பத்தாவதுகூட முடிக்கவில்லை என்று தயங்கியிருந்தீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் உங்களிடம் படிப்பைக் கேட்கவில்லை; குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்றுதான் சொல்கிறது.

குழுவுக்கு வந்ததும் முதலில் பள்ளிக் கழிப்பறையைப் பாருங்கள். கட்டடம் இருக்கும், குழாயில் தண்ணீர் வராது. அதற்குப் பயந்தே என் மகள் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறாள். காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இதை, குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பள்ளிக்கு வந்த மானியம் எதற்குச் செலவானது என்று கேட்கவும் குழுவுக்கு உரிமை உண்டு. பேசியது தீர்மான நோட்டில் ஏறியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்தபிறகே கையெழுத்துப் போடுங்கள். பெயின்ட், மேடையெல்லாம் பிறகு.