பாரிஸைக் காத்தது மதிலா, பாலமா?

வாசகர் கேள்வி – பதில்

‘வைக்கிங்ஸ்’ தொடரின் மூன்றாவது சீசனில் எட்டாவது எபிசோட், 2015 ஏப்ரலில் முதலில் ஒளிபரப்பானது. வடநாட்டுக் கடற்கொள்ளையரான வைக்கிங்குகளின் தலைவன் ரக்னரின் படை, சேன் நதி வழியாக வந்து பாரிஸைத் தாக்குகிறது. படையின் கப்பல் தச்சன் ஃப்ளோக்கி கட்டிய மிதக்கும் கோபுரங்கள் எரிந்து விழ, படை பின்வாங்குகிறது. அந்த எபிசோடைப் பார்த்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கதை முடிச்சுகள் சில அவிழும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டுப் படிக்கவும்.

கோயம்புத்தூரிலிருந்து: இந்தப் போர் உண்மையில் நடந்ததா? ரக்னர் பாரிஸுக்கு வந்தாரா?

நடந்தது. ஆனால் ஒருமுறை அல்ல. நாற்பது வருட இடைவெளியில் நடந்த இரண்டு தாக்குதல்களை எடுத்து ஒன்றாகத் தைத்திருக்கிறார்கள்.

முதலாவது 845ஆம் ஆண்டு மார்ச் மாதம். ரெகின்ஹெர் என்ற தலைவன் 120 கப்பல்களோடு வந்தான். ரக்னர் கதைகளுக்கு இவனும் ஒரு மூலமாக இருக்கலாம் என்பார்கள். அப்போதைய மன்னர் ‘வழுக்கை’ சார்லஸ் தன் படையை ஆற்றின் இரு கரைகளிலும் பிரித்து நிறுத்தினார். அதுதான் அவர் செய்த தவறு. ஒரு கரையில் இருந்த பாதியை வைக்கிங்குகள் முறியடித்து, பிடிபட்ட 111 பேரை மறு கரைப் படையின் கண்ணெதிரே தூக்கிலிட்டார்கள். அதைப் பார்த்த மீதிப் படை அசையவில்லை. ஈஸ்டர் சமயத்தில் நகரம் வீழ்ந்தது. 7,000 பவுண்டு வெள்ளியும் பொன்னும் கொடுத்துத்தான் அவர்களைத் திருப்பி அனுப்ப முடிந்தது. அந்தக் காலப் பவுண்டு ஏறக்குறைய 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், 2,800 கிலோ.

இரண்டாவது 885 நவம்பரில் தொடங்கி அடுத்த வருடம் வரை நீடித்த முற்றுகை. எபிசோடில் வரும் காவல் கோபுரம், பாலம், கொதிக்கும் எண்ணெய், நகரைக் காத்த ஓடோ பிரபு எல்லாம் இதிலிருந்து வந்தவை. இதில் ரக்னர் இல்லை. தலைவன் பெயர் சிக்ஃபிரிட். முற்றுகையை நகரத்துக்கு உள்ளிருந்தே பார்த்த அப்போன் என்ற இளம் துறவி, நடந்ததை லத்தீன் செய்யுளாக எழுதி வைத்தார். கீழே வரும் பெரும்பாலான விவரங்கள் அவர் சொன்னவை. 700 கப்பல், 40,000 எதிரி, உள்ளே 200 வீரர் என்பது அவர் கணக்கு. பரணி படித்தவர்களுக்கு இந்த மாதிரிக் கணக்கு புதிதல்ல. எதிரிப் படையைப் பல மடங்கு குறைத்துக்கொள்ளலாம். உள்ளே இருந்தவர்கள் சிலரே என்பதை மட்டும் நம்பலாம்.

மதுரையிலிருந்து: கப்பல் வைத்திருப்பவர்கள் நகரத்தைச் சுற்றிக்கொண்டு ஆற்றில் மேலே போயிருக்கலாமே. எதற்காக வாசலில் போய் மோதிச் சாக வேண்டும்?

வந்த கேள்விகளிலேயே முக்கியமானது இதுதான். இதற்கு விடை தெரிந்தால் முழு முற்றுகையும் புரிந்துவிடும். எபிசோட் இதைச் சரியாக விளக்கவில்லை என்பது எங்கள் வருத்தம்.

அன்றைய பாரிஸ் இன்றைய பெருநகரம் அல்ல. ஆற்றின் நடுவில் இருந்த ஒரு தீவு. வடகரைக்கு ஒரு பாலம், தென்கரைக்கு ஒரு பாலம், இரண்டின் கரைப்பக்க முனையிலும் காவல் கோபுரம். ஆற்றின் இரண்டு கிளைகளையும் இந்த இரண்டு பாலங்களும் குறுக்கே அடைத்துவிட்டன. பாய்மரத்தைச் சாய்த்துவிட்டுக் கீழே நுழைந்துவிடலாமே என்று தோன்றும். பாலம் தாழ்வானது. மேலே ஆள் நின்று கல்லையும் ஈட்டியையும் நெருப்பையும் நேராகத் தலையில் கொட்டுவான். துடுப்பு வலிப்பவனுக்குக் கேடயம் பிடிக்கக் கை கிடையாது. இரண்டு கப்பல் சிக்கிக்கொண்டால் பின்னால் வரும் அத்தனைக்கும் வழி போச்சு.

இது தற்செயலாக அமைந்ததும் அல்ல. 845இல் பட்ட அடிக்குப் பிறகு, 860களில் அதே வழுக்கை சார்லஸ்தான் ஆறுகளின் குறுக்கே அரண் வைத்த பாலம் கட்டும் திட்டத்தைத் தொடங்கினார். பீத்ர் என்ற இடத்தில் கட்டியது அதில் பெரியது. கப்பலை எதிர்த்துக் கப்பல் கட்டாமல் ஆற்றுக்கே பூட்டுப் போட்ட யோசனை அது.

அதனால்தான் சிக்ஃபிரிட் முதலில் சண்டைக்கு வரவில்லை. பாரிஸின் பிஷப் கோஸ்லினைச் சந்தித்து, மேலே போக வழி விடுங்கள், நகரத்தைத் தொட மாட்டோம் என்று கேட்டான். பேரரசர் நம்பி ஒப்படைத்த இடம், விட முடியாது என்றார் பிஷப். மறுநாளே தாக்குதல். வைக்கிங்குகளுக்கு வேண்டியிருந்தது பாரிஸ் அல்ல. அதற்கு மேலே கொள்ளைபோகாமல் கிடந்த பர்கண்டி நாடு. ‘எதற்காக மோத வேண்டும்’ என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

திருநெல்வேலியிலிருந்து: ஃப்ளோக்கியின் மிதக்கும் கோபுரம் சாத்தியமா?

பாரிஸ் முற்றுகையில் அப்படி ஒன்று இருந்ததாக அப்போன் சொல்லவில்லை. சாத்தியமா என்றால், ஆம். ஆனால் தொடரில் காட்டிய விதத்தில் அல்ல.

வைக்கிங் கப்பலின் உடம்பைப் பார்ப்போம். நார்வேயில் 1880இல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பல் 23 மீட்டருக்குச் சற்று அதிக நீளம், 5 மீட்டர் அகலம். பலகைகளை ஓட்டு வீட்டில் ஓடு வேய்வதுபோல ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏற அடுக்கி, இரும்பு ஆணியால் முடுக்கி, இடுக்கில் தார் தோய்த்த கம்பளி நூலை அடைத்திருப்பார்கள். பலகைக் கனம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். அலையோடு சேர்ந்து வளைந்து கொடுப்பதற்கென்றே அவ்வளவு மெல்லிசாகச் செய்த உடம்பு அது. கப்பல் தண்ணீரில் ஒரு மீட்டர் அளவுக்கே அமிழும். ஆற்றில் அதிவேகமாகப் போக இதெல்லாம் வரம். கோபுரம் தூக்க இதெல்லாம் சாபம்.

கணக்கு எளிது. கோபுரத்தின் மேல்தட்டில் ஆயுதத்தோடு 20 பேர் ஏறினாலே ஒன்றரை டன். தண்ணீர் மட்டத்துக்கு 8 மீட்டர் மேலே அந்த எடை நிற்கிறது. பாலப்பலகை மதிலில் விழுந்ததும் அத்தனை பேரும் ஒரே பக்கம் ஓடுவார்கள். ஒற்றைக் கப்பல் அப்படியே சாயும். மரத்தூண்களின் பாரம் கப்பலின் விலா வளைவுகளில் பரவாமல் ஓரிரு இடத்தில் குத்தினால் பலகை இணைப்பு பிரிந்து தண்ணீர் ஏறும்.

இதைச் சரிசெய்யும் வழி பிற்காலத்தில் ஒரு போரில் தெரிந்தது. 1218இல் எகிப்தின் டாமியெட்டாவில், சிலுவைப் போர்க்காரர்கள் இரண்டு கப்பல்களை உத்தரம் போட்டு இணைத்து, அதன்மேல் கோபுரம் எழுப்பி நைல் நதியின் காவல் கோபுரத்தைப் பிடித்தார்கள். இரண்டு கப்பல் சேர்ந்தால் அகலம் கூடும், சாய்வு குறையும். ஒழுக்கில் நகராமல் இருக்க நங்கூரம் வேண்டும். எதிரிப்பக்கம் முழுக்க, பதப்படுத்தாத ஈரத் தோல் போர்த்த வேண்டும். ஃப்ளோக்கியின் கோபுரங்கள் பந்தமாக எரிந்தது இந்தக் கடைசி வேலை நடக்காததால்தான். வெறும் மரமும் கயிறும் எண்ணெய் பட்டால் வேறென்ன ஆகும்? உண்மையான வைக்கிங்குகளுக்குத் தோலின் அருமை தெரியும். நாலைந்து பேரை மறைக்கும் தோல் தட்டிகளோடுதான் அவர்கள் முன்னேறினார்கள்.

இன்னொரு தடங்கலும் உண்டு. தீவின் ரோமானிய மதில் ஆற்றங்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளியே இருந்தது. கப்பலை ஒட்டி நிறுத்திப் பலகை போட அங்கே வழி இல்லை.

அவர்கள் உண்மையில் செய்த இயந்திரம் வேறு. கருவாலி மரத்தில், 16 சக்கரங்கள் மேல், கூரை வேய்ந்த ராட்சத மோதுமரம், மூன்று. ஒவ்வொன்றுக்கும் உள்ளே 60 பேர். வேலை முடியும் முன்பே கோபுரத்திலிருந்து பாய்ந்த ஓர் ஈட்டி, அதைச் செய்த தச்சர்கள் இருவரைக் கொன்றது. நெருப்பு வைத்த மூன்று படகுகளைக் கயிற்றால் இழுத்துப் பாலத்தின் மேல் விட்டதும் நடந்தது. அவை பாலத்தடியில் இருந்த கற்குவியலில் தட்டி நின்றுவிட்டன. பாலம் தப்பியது.

சேலத்திலிருந்து: கொதிக்கும் எண்ணெய் எல்லாம் சினிமாதானே? அந்தக் காலத்தில் எண்ணெய் அவ்வளவு மலிவா?

நல்ல சந்தேகம். பல முற்றுகைகளில் வெந்நீர், சுடுமணல், கல் என்று கையில் கிடைத்ததைத்தான் கொட்டினார்கள். ஆனால் பாரிஸில் எண்ணெய், மெழுகு, கீல் மூன்றையும் கலந்து காய்ச்சிக் கொட்டியதாக அப்போன் தெளிவாகச் சொல்கிறார். இந்தக் கலவைக்குக் காரணம் உண்டு. எண்ணெய் மட்டும் என்றால் வழிந்து ஓடிவிடும். மெழுகும் கீலும் சேர்ந்தால் தலைமுடியிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு சூடு இறங்காமல் நிற்கும். முடியோடு தோலும் உரிந்துவர, எதிரிகள் ஆற்றில் குதித்தார்கள். தொடர் இந்த விஷயத்தில் மிகைப்படுத்தவில்லை.

ஆனால் அந்த முதல் நாளின் பெரிய சாதனையைத் தொடர் தவறவிட்டது. வடக்குப் பாலத்துக் கோபுரம் அப்போது கட்டி முடியாத அரைகுறைக் கட்டடம். பகலெல்லாம் அடி வாங்கியது. அன்று இரவு உள்ளே இருந்தவர்கள் பழைய சுவரின் மேல் மரத்தாலேயே புதிய நிலை எழுப்பினார்கள். விடிந்தபோது கோபுரம் முன்பைவிட ஒன்றரை மடங்கு உயரம். ராத்திரியோடு ராத்திரியாக உத்தரம் தூக்கிய அந்தக் கைகளுக்கு ஒரு காட்சி கொடுத்திருக்க வேண்டாமா?

ஈரோட்டிலிருந்து: இளவரசி கிஸ்லா கொடியை ஏந்தி வீரர்களைத் தூண்டும் காட்சி அற்புதம். அவர் உண்மைப் பாத்திரமா?

நடிப்பு அற்புதம்தான். வரலாறு இடிக்கிறது. கிஸ்லா என்ற மகளை 911இல் வைக்கிங் தலைவன் ரோலோவுக்கு மணமுடித்ததாக, நூறு வருடம் கழித்து எழுதிய தூதோ என்ற நார்மண்டி வரலாற்றாசிரியர் சொல்கிறார். தந்தையாகச் சொல்லப்படும் ‘எளிய’ சார்லஸ் பிறந்தது 879. முற்றுகை நடந்தபோது அவருக்கே ஆறு வயது. அவருடைய முதல் திருமணம் 907. அந்தத் திருமணத்தில் பிறந்த மகள் என்றால் 911இல் மணப்பெண்ணுக்கு மூன்று, நான்கு வயது. செயின்ட் டெனிஸ் கொடியை அரசர்கள் போருக்கு எடுத்துச் சென்றதும் 12ஆம் நூற்றாண்டில்தான்.

புதுச்சேரியிலிருந்து: யாருமே தலைக்கவசம் போடவில்லையே?

நடிகர் முகம் தெரிய வேண்டும் என்பதால்தான். அப்போனின் மோதுமர வீரர்களே தலைக்கவசம் போட்டவர்கள். நார்வேயில் 1943இல் கிடைத்த ஜெர்முன்ட்பு கவசத்தில் கண்ணையும் மூக்கையும் மறைக்கும் இரும்பு வளையம் இருக்கிறது. கொம்பு இல்லை. தொடரும் கொம்பு வைக்கவில்லை, அதற்குப் பாராட்டு.

தூத்துக்குடியிலிருந்து: பேரரசர் சார்லஸை இப்படிக் கோழையாகக் காட்டுவது நியாயமா? ஓடோ பிரபுவின் கதை என்ன ஆயிற்று?

885இல் ஆட்சியில் இருந்தவர் ‘பருத்த’ சார்லஸ். அவர் வந்து சேர்ந்தது 886 அக்டோபரில், கிட்டத்தட்ட 11 மாதம் கழித்து. அதற்குள் பிஷப் கோஸ்லின் ஏப்ரலில் இறந்துபோனார். சிக்ஃபிரிட் வெறும் 60 பவுண்டு வெள்ளி வாங்கிக்கொண்டு விலகினான், மற்றவர்கள் விலகவில்லை. ஓடோ ரகசியமாக வெளியேறி உதவி கேட்டுவிட்டு, எதிரிகளை வெட்டிக்கொண்டே நகருக்குள் திரும்பினார்.

பெரிய படையோடு வந்த பேரரசர் சண்டை போடவில்லை. 700 பவுண்டு வெள்ளி தருவதாகச் சொல்லி, மேலே பர்கண்டிக்குப் போகவும் அனுமதித்தார். எதைத் தடுக்க இத்தனை பேர் செத்தார்களோ அதையே கொடுத்துவிட்டார். பாரிஸ்காரர்களோ அப்போதும் பாலத்தைத் திறக்கவில்லை. வைக்கிங்குகள் கப்பல்களைக் கரையேற்றித் தரைவழியே இழுத்துப்போய்த்தான் மேலே ஆற்றில் விட வேண்டியிருந்தது. கோழை என்ற சொல் கடுமையாகத் தெரியலாம், ஆனால் அவர் பிரபுக்களும் கிட்டத்தட்ட அதே முடிவுக்குத்தான் வந்தார்கள். 887இல் பதவி பறிபோனது. 888இல் ஓடோ மேற்கு பிராங்கிய நாட்டுக்கு மன்னரானார். தொடரில் ஓடோவுக்குக் கிடைத்த முடிவு அவருக்குச் செய்த அநீதி.

நாகர்கோவிலிலிருந்து: பத்தாவது எபிசோடில், ரக்னர் செத்ததுபோல் நடித்துச் சவப்பெட்டியில் நகருக்குள் நுழையும் தந்திரம்?

அது ரக்னருடையது அல்ல. ஹாஸ்டைன் என்ற தலைவன் இத்தாலியில் லூனா நகரைப் பிடித்த கதையாக அதே தூதோ சொல்வது. ஏழிலிருந்து பத்து வரை நான்கு எபிசோடுகளையும் ஒரே மூச்சில் பாருங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எட்டாவதின் தோல்வி பொருளில்லாமல் தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து: நீங்கள் எழுதியிருந்தால் எந்தக் காட்சியைச் சேர்த்திருப்பீர்கள்?

886 பிப்ரவரி 6. வைக்கிங்குகள் மாதக்கணக்கில் உடைக்க முடியாத பாலத்தை ஆறே உடைத்தது. வெள்ளத்தில் தெற்குப் பாலம் இரவோடு இரவாக அடித்துப்போக, தென்கரைக் கோபுரத்தில் பன்னிரண்டு பேர் தனித்து மாட்டினார்கள். நகரம் கண்ணெதிரே, நடுவில் புரளும் வெள்ளம். யாரும் போய்ச் சேர முடியவில்லை.

எதிரிகள் வைக்கோல் வண்டியைத் தள்ளிவந்து கோபுரத்துக்குத் தீ வைத்தார்கள். அணைக்க உள்ளே இருந்தது ஒரு சிறு பாத்திரம். தண்ணீர் மொள்ளும்போது அதுவும் கை நழுவிப் போனது. புகை ஏறியபோது உள்ளே இருந்தவர்கள், தாங்கள் வேட்டைக்கு வளர்த்த வல்லூறுகள் மூச்சுமுட்டிச் சாகக் கூடாதென்று கால்வாரை அறுத்துப் பறக்கவிட்டார்கள். பிறகு இறங்கி, உடைந்த பாலத்தின் மிச்சத்தில் நின்று போரிட்டார்கள். எதிரிகள் உயிருக்கு உத்தரவாதம் என்று சொல்லி அவர்களைச் சரணடைய வைத்து, வெட்டினார்கள். பன்னிருவரில் எர்வே என்பவரின் தோற்றத்தைப் பார்த்து அரசர் என்று நினைத்து, பணயத் தொகைக்காக விட்டுவைத்தார்கள். தோழர்கள் விழுவதைப் பார்த்த அவர் உயிர்ப்பிச்சை வேண்டாம் என்றார். மறுநாள் அவரும் கொல்லப்பட்டார்.

பன்னிரண்டு பேரின் பெயரையும் அப்போன் எழுதி வைத்திருக்கிறார். பாரிஸ் போகிறவர்கள் பெத்தி போன் பாலத்துக்குப் போனால், அந்தப் பெயர்களைச் சுவரில் பதித்திருப்பதைப் பார்க்கலாம்.